உள்ளே பார்க்கத் திறந்தவர்கள்

அந்த இணைப்புக்குப் பிலோமினா வைத்த பெயரில் ஒன்பது சொற்கள். ஒன்பதும் உண்மை. ஊரின் பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் முன்னால் காலியாக விட்டிருந்தாள். அதை ஊருக்கு ஏற்றபடி இயந்திரம் நிரப்பிக்கொள்ளும். மீதி இப்படி இருந்தது: "கடற்கரை வீட்டையும் படகுத்துறை உரிமையையும் விட்டுக்கொடுத்து உள்நாட்டுக் குடியிருப்புக்கு மாறச் சம்மதிக்கிறேன்."

இந்த ஒன்பது சொற்களுக்காகக் குடிபெயர்ப்பு வாரியத்தோடு அவள் மூன்று வாரம் மல்லுக்கட்டினாள். வாரியம் கேட்ட பெயர் வேறு. "நெய்தல் நல்வாழ்வுத் திட்டம்: மேலும் அறிய" என்று வைத்துத் தரும்படி கேட்டார்கள். நல்வாழ்வு யாருக்கு, மேலும் எதை அறிய என்று அவள் திருப்பிக் கேட்டாள். வாரியத்து அதிகாரி குழைந்தார்.

"மேடம், இப்படிப் பட்டவர்த்தனமா சொன்னா ஜனங்க பயந்துருவாங்க."

"பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்படட்டும் சார். சட்டம் அதுக்குத்தானே போட்டிருக்கு."

சட்டத்தைப் பற்றி அவளிடம் வாதாடி ஜெயித்தவர்கள் கிடையாது. ஏனென்றால் அந்தச் சட்டமே அவளால் வந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்று மதியம் பிலோமினா உணவகத்தில் இரண்டு ஊத்தப்பம் சாப்பிட்டாள். நல்லது செய்துவிட்ட திருப்தி பசியையும் கொண்டுவரும் போலிருக்கிறது.

பிலோமினாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. தரமணியில் நேர்சொல் என்ற நிறுவனத்தில் இணைப்புகளுக்குப் பெயர் எழுதுவதுதான் அவளுடைய உத்தியோகம். இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்கு இந்த உத்தியோகம் எப்படி வந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் இணையம் கண்ணுக்காகவே செய்யப்பட்டிருந்தது. பார்வை உள்ளவர்கள் பக்கத்தைப் பார்த்து, படத்தைப் பார்த்து, எதைத் தொட வேண்டுமோ அதைத் தொட்டார்கள். பார்வை இல்லாதவர்களுக்கு ஒரு மென்பொருள் இருந்தது. பக்கத்தில் உள்ள இணைப்புகளை எல்லாம் திரட்டி, ஒன்றன்பின் ஒன்றாக அது வாசித்துக் காட்டும். அந்தப் பட்டியலைக் கேட்டு எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டும். பட்டியலோ பெரும்பாலும் இப்படி இருக்கும்: இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், மேலும், மேலும், இதைப் பார்க்க, இங்கே சொடுக்கவும்.

முப்பது வயதில் அவளுக்கு டெங்கு வந்தது. மருத்துவமனையின் தளத்தில் தன் ரத்தப் பரிசோதனை முடிவைத் தேடினாள். நாற்பத்தொரு "இங்கே சொடுக்கவும்" இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு போனாள். பதினான்காவது, அவளுக்காக ஒதுக்கியிருந்த படுக்கையை ரத்து செய்துவிட்டது. காய்ச்சலோடு மூன்று மணி நேரம் வாசலில் உட்கார வைத்தார்கள். நீங்கள்தானே ரத்து செய்தீர்கள் என்று வரவேற்பில் இருந்த பெண் அன்பாகவே கேட்டாள். பிலோமினாவுக்குக் கோபம் வந்தால் காய்ச்சல் தெரியாது. எழுந்து நேராக ஒரு வக்கீலைத் தேடிப் போனாள்.

அந்த வக்கீல் சடகோபன். அப்போது கறுப்புக் கோட்டே இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த பையன்தான், ஆனால் மூளை கத்தி. பைசா வாங்காமல் வழக்கை நடத்தினான். நீதிமன்றத்தில் அந்தப் பட்டியலை அப்படியே ஒலிக்கவிட்டார்கள். பதினேழாவது "இங்கே சொடுக்கவும்" வந்தபோது நீதிபதி கையை உயர்த்திப் போதும் என்றார். சாட்சிக் கூண்டில் நின்று பிலோமினா சொன்னது மறுநாள் எல்லாச் செய்தியிலும் வந்தது: "ஒரு இணைப்போட பேரைக் கேட்டதுமே அது எங்க போகும், போனா என்ன நடக்கும்னு தெரிஞ்சுரணும். உள்ள போய்ப் பார்த்துத் தெரிஞ்சுக்கிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது."

அந்த வாக்கியம் சட்டமாயிற்று. இணைப்புப் பெயர்ச் சட்டம், நான்காம் பிரிவு. சட்டம் நிறைவேறிய அன்று லட்டு கொடுத்துக்கொண்டிருந்த சந்தோஷத்தில், அதே பிரிவுக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கப்பட்டதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெளிவாகப் பெயரிடப்பட்ட இணைப்பைத் திறப்பவர் அனைத்தையும் அறிந்தே திறந்தவராகக் கருதப்படுவார் என்று அந்த வரி சொன்னது. சரிதானே என்று நினைத்தாள். தெளிவாகச் சொன்ன பிறகு அறியாமல் எப்படி இருப்பார்கள்?

பிறகு கடுக்கன் வந்தது. காதுமடலில் குத்திக்கொள்ளும் கடலைப் பருப்பு அளவுக் கருவி. திரையைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோன ஊர் உலகம் மொத்தமும் ஐந்தாறு வருடத்தில் கடுக்கனுக்கு மாறிவிட்டது. ரேஷன், பட்டா, வங்கி, பள்ளிக்கூடம் எல்லாமே இணைப்புப் பெயர்களாகக் காதில் வந்தன. பெயரைக் கேட்டுவிட்டு ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும், காரியம் முடியும். திறந்தபின் இரண்டு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கும் பக்கத்தை வாசிக்கும் என்பது பார்வையற்றவர்களுக்குத் தெரியும், பழகியவர்கள். மற்றவர்கள் அந்த இரண்டு தட்டை மறந்தே போனார்கள். பெயரிலேயே எல்லாம் இருக்கும்போது பக்கத்தை யார் கேட்பார்கள்?

பிலோமினாவும் கேட்டதில்லை. அது அவளே வகுத்த தொழில்முறை. பெயர் எழுதுகிறவருக்குப் பக்கத்தைக் காட்டக் கூடாது. காட்டினால் பக்கத்தில் உள்ளதை மனதில் வைத்துக்கொண்டு அரைகுறையாக எழுதிவிடுவார்கள். அரைப் பக்கக் குறிப்பு மட்டும் வரும். அதை வைத்து எழுத வேண்டும். எழுதிய பெயரைச் சம்பந்தமே இல்லாத பத்துப் பேரிடம் சொல்லி, இது எங்கே கொண்டுபோகும் என்று கேட்பார்கள். ஒன்பது பேராவது சரியாகச் சொன்னால்தான் பெயர் தேறும். பத்துக் காதுத் தேர்வு என்று அதற்குப் பெயர். பிலோமினா எழுதியவை பத்துக்குப் பத்து வாங்கும். பதினோரு வருடத்தில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள அவள் கொஞ்சமும் வெட்கப்பட்டதில்லை.

தம்பி இஞ்ஞாசி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு கூப்பிட்டான். தூத்துக்குடிக்குத் தெற்கே சிலுவைத்துறையில் அம்மா விட்டுப்போன வீட்டில் இருக்கிறான். வீடு அக்கா தம்பி இருவர் பெயரிலும் இருந்தது. நாலு மாதம் மீன், நாலு மாதம் கணவாய், மீதி நாள் வலையோடு சண்டை என்று ஓடுகிற பிழைப்பு.

"யக்கா, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கு."

"யாரு அனுப்பினது?"

"குடிபெயர்ப்பு வாரியமாம். நான் சம்மதிச்சிட்டேனாம். ஊர்ல அறுபது வீட்டுல அம்பத்தெட்டு வீடு சம்மதிச்சாச்சாம். அம்பது கிலோமீட்டர் உள்ள தள்ளி, பொட்டல்ல வீடு கட்டி வச்சிருக்கானுவ. அங்க இருந்துக்கிட்டு நான் எங்கன போட்டை எறக்க?"

பிலோமினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீ எந்த இணைப்பைத் திறந்த? பேரு ஞாபகம் இருக்கா?"

அவன் சொன்னான். முதலில் ஊர்ப் பெயர், பிறகு ஒன்பது சொற்கள். ஒன்றும் விடாமல், வரிசை மாறாமல் ஒப்பித்தான். தான் எழுதியதைத் தன் தம்பி வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. காலியாக விட்ட இடத்தில் தன் சொந்த ஊர் போய் உட்காரும் என்று எழுதும்போது ஒரு நொடிகூட நினைக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கேட்டதும் என்ன புரிஞ்சுது உனக்கு?"

"வீட்ட விட்டுட்டுப் போறதுக்குச் சம்மதிக்கிறதுன்னு புரிஞ்சுது. அதுல புரியாம என்ன இருக்கு."

"புரிஞ்சும் ஏன்டா தட்டின?"

"உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கத்தான். எப்ப போணும், எங்க வீடு, துறை உரிமைக்குப் பதிலா என்ன தருவான், எல்லாம் உள்ள போட்டிருப்பான்லா. அதைக் கேட்டுட்டுச் சரின்னா சரி, இல்லன்னா இல்லன்னு சொல்லலாம்னு இருந்தேன். திறந்ததும் ‘பதிவாகிவிட்டது, நன்றி’ன்னு சொல்லிச்சு. அதோட அடங்கிட்டு."

"ரெண்டு தட்டுத் தட்டினியா?"

"எங்கன தட்ட?"

பிலோமினா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். உள்ளே பக்கம் இருந்திருக்கும், இவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்று அவள் அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டாள். ஒருமுறை பதிவான இணைப்பு அதே ஆளுக்கு மறுபடி திறக்காது. ஐம்பத்தெட்டுப் பேரும் வாசல் வரை போய் உள்ளே பார்க்காமல் திரும்பியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு ஆறுதல். வீடு இருவர் பெயரில் இருப்பதால் தம்பியின் சம்மதம் மட்டும் போதாது. அவளுடைய இணைப்பு அவள் கடுக்கனில் இன்னும் திறக்கப்படாமல் கிடந்தது. தினமும் காலையில் ஒரு தரம் வாசித்துக் காட்டியதை, எழுதியவளுக்கு வாரியம் அனுப்பும் சோதனை ஒலிபரப்பு என்று நினைத்து அவள் தாண்டிப் போயிருந்தாள். அவள் தட்டாதவரை அந்த வீட்டை யாரும் அசைக்க முடியாது.

மறுநாள் சடகோபன் அறைக்குப் போனாள். இரவல் கோட்டு வக்கீல் இப்போது நேர்சொல் நிறுவனத்தின் தலைவர். வாரியத்துக்குச் சட்ட ஆலோசகரும் அவரே. அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"அந்த இணைப்புக்குள்ள என்ன இருக்கு சடகோபன்?"

"நீங்கதானே மினா பக்கத்தைப் பார்க்கக் கூடாதுன்னு விதி வச்சீங்க."

"எழுதும்போது பார்க்கக் கூடாதுன்னு வச்சேன். இப்ப எழுதலை. கேட்கறேன்."

"சம்மதிச்ச உரிமையாளருக்கு மட்டும்தான் பக்கம். வாரியத்தோட விதி. எனக்கே காட்டமாட்டாங்க." அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மினா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ‘மேலும் அறிய’ன்னு மட்டும் பேர் இருந்திருந்தா, இந்தக் கேஸை நானே எடுத்து ஒரே வாரத்துல உடைச்சிருப்பேன். ஏமாத்திட்டாங்கன்னு சொல்லியிருக்கலாம். நீங்க எழுதினதை எவன் உடைக்க முடியும்? ஓட்டையே இல்லை."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

"நீங்க தட்டாம இருங்க, அது போதும்" என்றார் சடகோபன். "உங்க வீடு உங்களுக்கு. நான் எழுதியே தரேன். தம்பி அங்கேயே இருந்துக்கட்டும்."

"மத்த அம்பத்தேழு வீடு?"

"அவங்க தெரிஞ்சுதானே திறந்தாங்க."

பிலோமினா எழுந்து வந்துவிட்டாள். மனிதர் கெட்டவர் இல்லை என்று படியிறங்கும்போது நினைத்துக்கொண்டாள். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவது சுலபம்.

அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. சட்டத்தின் ஆறாம் பிரிவு: பெயரும் பக்கமும் முரண்பட்டால் இணைப்பு செல்லாது, அதன் வழியாக வாங்கிய சம்மதம் எல்லாமே செல்லாது. வாரியத்துக்காரர்களை அவளுக்குத் தெரியும். நல்வாழ்வு, நெய்தல் என்று தேன் தடவிப் பேசுகிறவர்கள் பெயரில் வைக்க முடியாமல் போன பொய்யை உள்ளே வைக்காமலா இருப்பார்கள்? எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம், படகுக்கு இடம் உண்டு என்று ஏதாவது எழுதியிருப்பார்கள். ஒரே ஒரு பொய் வாக்கியம் கிடைத்தால் போதும். அறுபது வீடும் தப்பும்.

குடிபெயர்ப்புத் தீர்ப்பாயம் தூத்துக்குடியில், பழைய உப்புக் கிடங்கு ஒன்றைச் சுத்தம் செய்து வெள்ளையடித்த கட்டடத்தில் நடந்தது. ஊர் மக்கள் இரண்டு வேனில் வந்திருந்தார்கள். நீதிபதி தமயந்தி என்பவர். குரலில் அவசரம் இல்லாத பெண்மணி. வாரியத்துக்காகச் சடகோபன். மனுதாரர் பக்கம் சாட்சி பிலோமினா.

வந்ததும் நேராகப் பொய்யிலிருந்து தொடங்கினாள். வாழ்நாளில் தொழில் விஷயத்தில் அவள் சொன்ன முதல் பொய்.

"இந்தப் பெயரை எழுதினது நான்தான் அம்மா. சரியா எழுதலை. கேட்கிறவங்களுக்குத் தெளிவா இருக்காது."

நீதிபதி சடகோபனைக் கேட்டார். சடகோபன் பத்துக் காதுத் தேர்வின் பதிவைக் கொடுத்தார். பத்துக்குப் பத்து. அதன் பிறகு அந்த மன்றத்திலேயே, வேறு வழக்குக்காக வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரை உள்ளே அழைத்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். வீட்டை விட்டுக்கொடுப்பது, கடற்கரை உரிமை போவது, ஊரைவிட்டு உள்ளே போவது என்று ஒவ்வொருவரும் பிசிறில்லாமல் சொன்னார்கள். ஒரு கிழவர், இவ்வளவு நேராக எழுதியிருக்கிறார்களே, பரவாயில்லையே என்று மெச்சிவிட்டுப் போனார். பிலோமினா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து இஞ்ஞாசியைக் கூப்பிட்டார்கள்.

"பேரைக் கேட்டதும் என்ன புரிஞ்சுது?" என்றார் நீதிபதி.

"ஊர விட்டுப் போகச் சம்மதிக்கிறதுன்னு புரிஞ்சுதும்மா."

புரியவில்லை என்று சொல்லும்படி வேனில் வரும்போதே எல்லோரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சாட்சிக் கூண்டில் ஏறியதும் வாய்க்கு உண்மைதான் வந்தது. அவன் சுபாவம் அப்படி.

"பின்ன ஏன் திறந்தீங்க?"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்க. ஒரு கதவத் தொறந்தா உள்ள எட்டிப் பாக்கலாம்னுதானம்மா தொறப்போம். எட்டிப் பாத்தவன வீட்ட வித்துட்டான்னு எழுதிக்கிட்டா எப்படி?"

மன்றத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. நீதிபதி சட்டப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னார். நான்காம் பிரிவு வாசிக்கப்பட்டது. உள்ளே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை யாருக்கும் வரக் கூடாது. அதன் கீழே அந்த இன்னொரு வரி.

"இந்த வாக்கியம் உங்களுதுதானே?" என்று நீதிபதி பிலோமினாவைக் கேட்டார்.

"ஆமாம்மா."

"உள்ளே பார்க்கத் தேவையே இருக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. இவங்க உள்ளே பார்க்க விடலைன்னும் நீங்களே வந்து சொல்றீங்க."

"தேவைப்படக் கூடாதுன்னு சொன்னேன் அம்மா. பார்க்கவே கூடாதுன்னு சொல்லலை." குரல் உயர்ந்ததை அவளே உணர்ந்து அடக்கிக்கொண்டாள். "உள்ளே இருக்கிறதும் வெளியே இருக்கிறதும் ஒண்ணா இல்லைன்னா ஆறாம் பிரிவுப்படி எல்லாமே ரத்து. உள்ளே இருக்கிறதை வாரியம் காட்டமாட்டேங்குது. நான் காட்டறேன். எனக்கு வந்த இணைப்பு இன்னும் திறக்கலை. மன்றத்துக்கு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இங்கேயே திறக்கறேன்."

சடகோபன் வேகமாக எழுந்தது நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது. "மினா, வேண்டாம்" என்றார். வாரியத்தின் வக்கீல் எதிர்த்தரப்புச் சாட்சியிடம் அப்படிப் பேசக் கூடாது. அவர் பேசினார். "தட்டினா உங்க சம்மதமும் விழுந்துரும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அந்தக் குரலில் இருந்த பதற்றத்தை அவள் தப்பாக எடைபோட்டாள். உள்ளே ஏதோ இருக்கிறது, அது வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறார் என்று நினைத்தாள். அவளுக்குத் தைரியம் கூடிவிட்டது.

"சம்மதம் பதிவாகும்னு தெரியும்தானே?" என்றார் நீதிபதி.

"தெரியும்மா." தம்பி இருந்த பக்கம் திரும்பினாள். "இஞ்ஞாசி, வீடு உனக்கும் சேர்த்துத்தான். திறக்கட்டுமா?"

"நீ சொன்னாச் சரிதான்க்கா."

கடுக்கனை மன்றத்தின் ஒலிபெருக்கியோடு இணைத்தார்கள். சிலுவைத்துறை என்று தொடங்கி அவளுடைய ஒன்பது சொற்களும் கூடம் முழுக்கக் கணீரென்று கேட்டன. பிலோமினா ஒரு தட்டுத் தட்டினாள். பதிவாகிவிட்டது, நன்றி என்றது குரல். ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் போன அந்த இரண்டு தட்டை, பதற்றமில்லாமல், பழகிய கையால் தட்டினாள்.

ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தட்டினாள். இந்த முறை ஒலிபெருக்கி சொன்னது: "இந்த இணைப்பில் பக்கம் இல்லை."

அவள் மூன்றாவது முறையும் தட்டிப் பார்த்தாள். அதே பதில், அதே குரல். நீதிபதி சடகோபனைப் பார்த்திருக்க வேண்டும். அவர் மெதுவாக எழுந்தார்.

"பக்கம் எழுதறதை நிறுத்தி ஆறேழு வருஷம் ஆச்சு அம்மா. வாரியம்னு இல்லை, பெரும்பாலும் யாருமே எழுதறது இல்லை. யாரும் கேட்கிறதில்லை. பெயரே போதுமானதா இருக்கு. நேத்துத்தான் எனக்கும் உறுதியாத் தெரிஞ்சுது." பிறகு பிலோமினாவுக்கு மட்டும் கேட்கும்படி, "அதுக்குத்தான் வேண்டாம்னேன்" என்றார்.

ஆறேழு வருடமாக அவள் வெறும் சுவருக்கு வாசற்கதவு செய்து மாட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கதவையும் பார்த்துப் பார்த்து இழைத்திருந்தாள். பதினோரு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தான் பெயர் வைத்த ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விதி என்று சொல்லி அந்தப் பக்கமே போகவில்லை. அவளுக்குத் தன் மீது வந்த வெறுப்பில் கூண்டின் கட்டையைப் பிடித்த விரல்கள் வலித்தன.

தீர்ப்பு அரை மணி நேரத்தில் வந்தது. நீதிபதி தமயந்தி அதைச் சந்தோஷமாக வாசிக்கவில்லை. அதை மட்டும் சொல்ல வேண்டும். இணைப்பின் பெயர் தெளிவாக உள்ளது. பெயரோடு முரண்படுவதற்கு உள்ளே பக்கம் எதுவும் இல்லை. ஆகவே ஆறாம் பிரிவு பொருந்தாது. உள்ளே எதுவும் இல்லாததால் மனுதாரர்களிடமிருந்து எதுவும் மறைக்கப்படவும் இல்லை. மனு தள்ளுபடி. கடைசியாக ஒரு வரி சேர்த்திருந்தார்: சாட்சி பிலோமினா, விளைவுகளை முழுவதும் அறிந்து, மன்றத்தின் முன்னிலையில் தன் சம்மதத்தைப் பதிவு செய்தார். அவர்களுடைய வீடும் பட்டியலில் ஏறியது.

வெளியே வேனுக்காகக் காத்திருந்தார்கள். கடல் காற்றில் உப்புத் தூசி பறந்து முகத்தில் ஒட்டியது. ஊர்க்காரர்கள் சற்றுத் தள்ளி நின்று, எப்போது சாமான் கட்டுவது, வலையை எங்கே போடுவது என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இஞ்ஞாசி ஒரு டீ வாங்கிவந்து அவள் கையில் வைத்தான்.

"நீ ஏன்க்கா திறந்த?" என்று கேட்டான். குறை சொல்லும் தொனி இல்லை.

"உள்ள ஏதாவது இருக்கும்னு நினைச்சேன்." அவளுக்கு அழுகை வந்தது. அதை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டுக் கேட்டாள்: "நீ சொல்லு. ஊரை விட்டுப் போறதுன்னு புரிஞ்ச பொறவு அதைத் தொடவே கூடாதுன்னு தோணலியா உனக்கு? அத்தனை பேருக்குமா தோணாமப் போச்சு?"

அவன் காலால் மணலைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"அந்த அம்மா முன்னால இதைச் சொன்னா உன் வேலைக்கு ஏதும் ஆயிரும்னு சொல்லல."

"என்னத்தைச் சொல்லல?"

"ஊர்ல ஒருத்தனும் தொடலக்கா. வந்து பதினோரு நாள் அப்படியே கெடந்துச்சு. கேட்டதும் எல்லாருக்கும் கலக்கம். லிங்க் பேரு முடிஞ்ச பொறவு எழுதுனவங்க பேரச் சொல்லும்லா, சட்டப்படி. மத்தவன்லாம் அதுக்கு முன்னாலயே தாண்டிருவான். நான் எதையும் கடைசி வரைக்கும் கேப்பேன். எதுலயாவது உன் பேரு வரும்."

பிலோமினா கிளாஸைக் கீழே வைக்க இடம் தேடிக் கையால் துழாவினாள். அவன் அதை வாங்கிக்கொண்டான்.

"உன் பேரச் சொல்லிச்சு. பதினொண்ணாம் நாள் கூடுன கோயில் கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னேன். இது எங்க அக்கா எழுதுனது. பூசி மெழுகாம, போப்போறது வீடும் துறையும்னு மொகத்துக்கு நேராச் சொல்லியிருக்கா பாருங்க. அவ வச்ச வாசல்னா உள்ள விவரமும் நேராத்தான் இருக்கும். பயப்படாம திறந்து கேட்டுட்டு, பொறவு கூடி முடிவு பண்ணுவோம்னு. எல்லார் முன்னாலயும் நான்தான் மொதல்ல தட்டினேன்."

வேன் வந்து நின்றது. கதவைத் தள்ளித் திறந்து, அவள் கையைப் பிடித்துப் படியின் கம்பியில் வைத்தான். அவள் ஏறவில்லை.

"தட்டினதும் உள்ள ஒண்ணும் கேக்கலன்னதுமாவது மத்தவங்கள நிறுத்தியிருக்கலாம்லடா."

"எனக்குத்தான் கேக்கத் தெரியலன்னு நினைச்சிட்டேன்க்கா" என்றான் இஞ்ஞாசி. "நீ எழுதுனதுக்குள்ள ஒண்ணுமே இல்லாம இருக்கும்னு எப்படி நினைப்பேன்."